காதில் விழாத வரைக்கும்

அந்தச் சிவப்பு மரவாசல் முன்னால் வந்ததும் எல்லோரும் நின்று, ஒரு தடவை தலையைக் குனிந்துவிட்டு உள்ளே போனார்கள். முன்னால் வெள்ளை அங்கி போட்ட பூசாரி, பின்னால் என் மகள் வித்யாவும் மாப்பிள்ளை கென்ஜியும், அவர்களுக்குப் பின்னால் மாப்பிள்ளை வீட்டார். நான் மட்டும் வாசலுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன்.

வாசல் என்றால் நம் கோபுரவாசல் மாதிரி நினைத்துவிடாதீர்கள். கதவு கிடையாது, சுவர் கிடையாது. இரண்டு பெரிய தூண், மேலே குறுக்கே இரண்டு உத்தரம், அவ்வளவுதான். பக்கவாட்டில் தாராளமாகச் சுற்றிக்கொண்டு போய்விடலாம். ஆனாலும் அதற்கு அந்தப் பக்கம் சாமியின் இடம், இந்தப் பக்கம் நம் இடம். யாரும் சொல்லாமலே தெரிந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போயிற்று.

உள்ளே மகளுக்குக் கல்யாணம். என் கைப்பையில் நானே அணைத்துவைத்த போன். அதை உயிர்ப்பித்தால் மட்டாஞ்சேரியிலிருந்து ஒரு சாவுச் செய்தி வரும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். யார் என்பதுதான் தெரியாது.

நாலரை மணிக்கு மூன்று பேர்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் எடுத்துப் பார்க்கிறவர்களுக்காக இரண்டு வரி. நான் சாரதா. சுள்ளிக்கல்லில் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம், கொச்சிக்கு வந்து மூன்று தலைமுறை ஆயிற்று. எனக்குக் குரல் பெரிசு, பொறுமை சிறிசு என்று போன வாரமே ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் வீட்டுக்காரர் பஜார் ரோட்டில் மிளகு மொத்தக்கடையில் வேலை பார்த்தவர். சிறுநீரகம் கெட்டு, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். விமானத்தை நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வித்யா ஜப்பானுக்கு வேலைக்குப் போய், கூட வேலை பார்த்த பையனையே பிடித்துக்கொண்டுவிட்டாள். கல்யாணம் அங்கே, அவர்கள் குடும்பக் கோயிலில். இந்த மனுஷனை விட்டுவிட்டு நான் எப்படிப் போவது? நானும் போகவில்லை என்று பெட்டியைத் திரும்பப் பரணில் ஏற்றிவிட்டேன்.

அவர்தான் இறக்கச் சொன்னார்.

"நீயும் போகலைன்னா அவ ஆளில்லாத பொண்ணு மாதிரி நிப்பா. போயிட்டு வா. ரெண்டு பேருக்கும் சேத்துப் பாத்துட்டு வந்து, ஒண்ணு விடாம எனக்குச் சொல்லு."

நாத்தனார் லலிதா அக்காவைத் துணைக்கு வரவழைத்து வைத்துவிட்டுக் கிளம்பினேன். விமானத்தில் மேகத்தைப் பார்த்தால்கூட இதை அவரிடம் எப்படிச் சொல்லுவது என்றுதான் யோசித்துக்கொண்டு போனேன்.

கல்யாணத்தன்று காலை. கியோட்டோ பக்கத்தில் மலையடிவாரத்து ஊர், சின்ன ஹோட்டல். குளித்துவிட்டு வந்து, புடவைக்கு மடிப்பு வைத்துக்கொண்டே போனைப் பார்த்தால், எடுக்காத அழைப்புகள் மூன்று. லலிதா அக்கா. ஆலுவாவில் இருக்கும் கொழுந்தனார் மணி. பக்கத்து வீட்டு ஜோசப் சேட்டன். மூன்றும் அடுத்தடுத்து. எங்கள் வீட்டுக்காரர் போனிலிருந்து மட்டும் ஒன்றுமே இல்லை.

அங்கே காலை எட்டு என்றால் கொச்சியில் நாலரை. நாலரை மணிக்கு யார் யாரைக் கூப்பிடுவார்கள், சொல்லுங்கள். நல்ல சேதி விடியும் வரைக்கும் காத்திருக்கும்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே போன் மறுபடி அதிர்ந்தது. திரையில் லலிதா அக்கா. விரலை நீட்டினேன். நீட்டிய விரலைப் பக்கத்துப் பொத்தானுக்குக் கொண்டுபோய், திரை இருளும் வரைக்கும் அழுத்திக்கொண்டே நின்றேன்.

சாயாக்கடையில் உட்கார்ந்திருந்தவர்

என்னடி பொம்பளை இவள் என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வீட்டு வழக்கம் தெரிந்தால் கேட்க மாட்டீர்கள்.

பங்காளி வீட்டில் சாவு என்றால் பத்து நாள் தீட்டு. மலையாளத்தில் புல என்பார்கள். கோயில் படி மிதிக்கக் கூடாது, சுபகாரியம் கூடாது. ஆனால் தூரத்தில் இருக்கிறவர்களுக்கு அது எப்போது ஆரம்பிக்கும்? செய்தி காதில் விழுந்த நேரத்திலிருந்து. விழாத வரைக்கும் ஒன்றும் இல்லை. காப்புக் கட்டியாயிற்று என்றால் பிறகு விழுந்தாலும் ஒட்டாது.

என் பெரியக்கா கல்யாணம் மட்டாஞ்சேரியில் வீட்டு முன்னால் பந்தல் போட்டு நடந்தது. மாப்பிள்ளை அழைப்பு முடிந்து, காப்புக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருக்கிறது. அந்த நேரம் பார்த்துப் பாலக்காட்டிலிருந்து முதல் பஸ்ஸில் ஒருவர் வந்து இறங்கினார். தெருமுனையில் நின்ற என் சித்தப்பா அவர் முகத்தைப் பார்த்தார். அதுவே போதும். வாயைத் திறக்கவிடவில்லை. தோளில் கையைப் போட்டு அப்படியே சாயாக்கடைக்குள் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

புட்டு, கடலைக்கறி, பழம், சாயா. முடிந்ததும் மறுபடி புட்டு. வாய் காலியாக இருந்தால்தானே பேசுவார்! பாவம் அந்த மனுஷன், துக்கம் சொல்ல வந்தவர், விக்க விக்கத் தின்றுகொண்டிருந்தார். தெருவில் போகிற எங்கள் ஆட்கள் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். எல்லோருக்கும் புரிந்தது. ஆனால் யார் காதிலும் எதுவும் விழவில்லை, பாருங்கள்.

என் அப்பா பந்தலில் நின்று ஒரே ஒரு முறை கடைப்பக்கம் திரும்பினார். வந்திருப்பவர் யார் வீட்டு ஆள் என்று அவருக்கும் தெரிந்திருக்கும். தாலி ஏறிய பிறகு நேரே அந்தக் கடைக்குப் போய் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து, "இப்பச் சொல்லுங்க" என்றார். போனது அவரைத் தோளில் தூக்கி வளர்த்த பெரியப்பா. அப்பா அங்கேயே துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் சின்னப் பெண், கடை வாசலில் நின்று பார்த்தேன். அத்தனை நேரம் அந்த அழுகையை எங்கே வைத்திருந்தார் என்று எனக்குப் புரியவே இல்லை.

அங்கேயும் உண்டாம்

ஜப்பான் போய் இறங்கியதுமே வித்யா எனக்குப் பாடம் நடத்திவிட்டாள். கல்யாண மண்டபத்துக்குள் போட்டோ கூடாது, போன் கூடாது. தண்ணீர்த் தொட்டியில் கை கழுவி வாய் கொப்பளிக்க வேண்டும், தீர்த்தம் என்று குடித்து வைக்காதே. கடைசியாக ஒன்று சொன்னாள். வீட்டில் சமீபத்தில் சாவு நடந்திருந்தால் அந்த மரவாசலைத் தாண்டக் கூடாது.

எனக்கு வாயெல்லாம் பல். அன்று சாயங்காலமே இவரைக் கூப்பிட்டு, தீட்டுப் பார்க்கிற குடும்பம் கிடைத்திருக்கிறது என்று சொன்னேன். அப்படியென்றால் ஜாதகமே பார்க்க வேண்டாம் என்று அவர் சிரித்தார்.

இப்போது அதுவே கழுத்துக்கு வந்தது. என் காதில் விழுந்தால் நம் வழக்கப்படியும் கல்யாணம் இல்லை, அவர்கள் வழக்கப்படியும் வாசலைத் தாண்ட முடியாது. வித்யாவுக்குக் காப்பும் கட்டவில்லை. எத்தனை மாதம் முன்னால் பேசிவைத்த நாள்! நான் கேட்காமல் இருந்தால் எல்லாம் நடக்கும். கணக்கு அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த அறையில் மகளுக்கு அலங்காரம். உள்ளே போனவள் அப்படியே நின்றேன். உச்சந்தலை முதல் கால் விரல் வரை வெள்ளை. அவர்கள் மணப்பெண் உடை அதுதான். இதைப் பற்றி முன்பே போனில் சண்டை போட்டு ஓய்ந்திருந்தோம். கொச்சியில் எத்தனை சேச்சிமார் கல்யாணத்துக்குப் போய் கல்யாணப்பெண் உடுத்திய செட்டு முண்டைப் பார்த்து அழகு அழகு என்றிருக்கிறாய், அது மட்டும் என்ன கலராம் என்று அவள் கேட்டதும் நான் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் அன்றைக்குக் காலையில், அந்த அழைப்புகளுக்குப் பிறகு, அத்தனை வெள்ளையைப் பார்த்ததும் என் கை தானாகத் தாலிக்குப் போயிற்று.

அவள் போன் மேஜை மேல் கிடந்தது. சத்தம் எழாமல் கவிழ்த்து வைத்திருந்தாள். அந்த உடுப்புக்குள் வைக்க இடமில்லை, ரூமிலேயே விட்டுவிட்டு வரப்போகிறாள்.

"அப்பா கூப்பிட்டாராம்மா?"

"அங்க இன்னும் விடியலடி" என்றேன். பொய் இல்லை. ஆனால் அவள் கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை.

நடுவில் நடக்காதே

வாசலில் நின்றேன் என்று சொன்னேன் அல்லவா. முன்னால் போன மாப்பிள்ளையின் அம்மா திரும்பிப் பார்த்தார். திரும்பி வந்தார். என் பாஷை அவருக்குத் தெரியாது, அவர் பாஷை எனக்குத் தெரியாது. என்ன ஆயிற்று என்று கேட்கக்கூட இல்லை. என் பக்கத்தில், வாசலுக்கு வெளியே, கையைக் கோத்துக்கொண்டு சும்மா நின்றார். அவசரப்படுத்தவே இல்லை. நான் எத்தனை நேரம் நிற்கிறேனோ அத்தனை நேரம் நிற்கத் தயார் என்பது மாதிரி இருந்தது.

எனக்கு ஒன்றும் தெரியாது, என் காதில் ஒன்றும் விழவில்லை என்று அந்த வாசலிடம் மனசுக்குள் சொன்னேன். தலையைக் குனிந்தேன். உள்ளே கால் வைத்தேன்.

வைத்ததும் சத்தம் மாறிவிட்டது. ரோட்டில் போன வண்டிச் சத்தம் எங்கே போயிற்றோ தெரியாது. பாதையெல்லாம் கூழாங்கல். நடக்கிற ஒவ்வொருவர் காலடியும் தனித்தனியாகக் கேட்டது. இரண்டு பக்கமும் மரங்கள். மரம் என்றால், நான் கோட்டைக் கொச்சியில் மழைமரங்களின் நிழலில் வண்டி ஓட்டப் பழக்குகிறவள், பெரிய மரம் பார்க்காதவள் இல்லை. ஆனால் இவற்றின் உச்சியைப் பார்க்க நான் அண்ணாந்ததில் கொண்டைப் பூ விழுந்துவிட்டது. ஒரு மரத்தின் இடுப்பில் வைக்கோல் பிரிக் கயிறு கட்டி, வெள்ளைக் காகிதம் மடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். அந்த மரமே சாமியாம். எங்கள் மட்டாஞ்சேரியில் போர்ச்சுகீசியர் கப்பல் வந்து இறங்குவதற்கு முன்பே அது அங்கே நின்றுகொண்டிருந்ததாம். அப்போது நான் எந்த மூலை!

மாப்பிள்ளையின் அம்மா என் முழங்கையைத் தொட்டு மெல்ல ஓரத்துக்கு நகர்த்தினார். பாதையின் நடு சாமி நடக்கிற இடம், மனுஷர்கள் ஓரமாகப் போக வேண்டும் என்று வித்யா சொன்னது நினைவு வந்தது. இதையேதான் நான் தோப்பும்படி ரோட்டில் தொண்டை கிழியக் கத்துகிறேன், இடது ஓரம், இடது ஓரம் என்று. ஒருத்தியும் கேட்கிறாளா? இங்கே ஒருவர் சத்தமில்லாமல் முழங்கையைத் தொடுகிறார், நான் பூனைக்குட்டி மாதிரி நகர்ந்துவிட்டேன்.

தண்ணீர்த் தொட்டியில் மூங்கில் அகப்பை. பாசி பிடித்த கல்லுக்கு நடுவே தண்ணீர் வந்து விழுகிறது. கையில் ஊற்றியதும் அந்தக் குளிர் எலும்பு வரைக்கும் போயிற்று. வாயில் வைத்தேன். கொப்பளித்துத் துப்ப மனசு வரவில்லை. கோயில் தண்ணீரை எப்படித் துப்புவது? வித்யா தலையை மூடிய வெள்ளைத் தொப்பிக்குள்ளிருந்து ஒரு பார்வை பார்த்தாள், துப்பிவிட்டேன்.

கெட்டிமேளம் இல்லாத கல்யாணம்

மண்டபம் முழுக்க மரம், ஆணிகூடக் கண்ணில் படவில்லை. எதிரே படி, படிக்கு மேலே சாத்திய கதவு. அந்தக் கதவுக்குப் பின்னால்தான் சாமி. விக்கிரகம் கிடையாது. ஒரு கண்ணாடி இருக்கும் என்கிறார்கள், அதையும் யாரும் பார்த்ததில்லை. தீபாராதனை இல்லை, திரை விலகவில்லை. நாங்கள் எல்லோரும் சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சிரிப்பு வரவேண்டிய விஷயம். நானானால் கைகூப்பிக்கொண்டேன்.

பூசாரி வெள்ளைக் காகிதக் கற்றையை எடுத்து எங்கள் தலைக்கு மேல் அசைத்தார். சரசரவென்று ஒரு சத்தம். தீட்டெல்லாம் போவதற்காம். நான் மட்டும் மற்றவர்களைவிட ரொம்பத் தாழக் குனிந்தேன்.

பிறகு ஒன்றைவிட ஒன்று பெரிதாக மூன்று கிண்ணம், அரிசியில் வடித்த கள். மகளும் மாப்பிள்ளையும் மாறி மாறிக் குடித்தால் கல்யாணம் ஆயிற்று. தாலி கட்டுகிற மாதிரி அந்த நேரம். அப்போது என்ன நடந்தது தெரியுமா? எல்லாம் நின்றுவிட்டது. மூங்கில் குழல் வாத்தியம் ஒன்று ஊதிக்கொண்டிருந்தார்கள், அதுவும் நின்றது.

எங்களூரில் தாலி ஏறும்போது கெட்டிமேளம் எதற்குக் கொட்டுகிறோம்? அந்த நேரத்தில் தும்மலோ, அழுகையோ, கெட்ட வார்த்தையோ யார் காதிலும் விழக் கூடாது. விழுந்தால் அபசகுனம். அதனால் காது கிழிய அடி, எதுவும் கேட்கவிடாதே. நாங்கள் அப்படித்தான் பிழைத்து வந்திருக்கிறோம். இவர்களோ இருந்த சத்தத்தையும் நிறுத்திவிட்டு, வருவது வரட்டும் என்று உட்கார்ந்திருக்கிறார்கள். எவ்வளவு தைரியம் வேண்டும் அதற்கு!

என் பைக்குள் செத்துக் கிடக்கிற போன் அந்த அமைதியில் தானே எழுந்து பேசிவிடுமோ என்று பயமாக இருந்தது. பேசவில்லை. எங்கேயோ ஒரு பறவை கூப்பிட்டது. காற்றில் இலைகள் உதிர்ந்து கூரையில் விழுவது கேட்டது. என் மகள் ஒரு வாய் விழுங்குவதுகூடக் கேட்டது. என் ஆயுசில் அப்படி ஓர் அமைதியில் நான் இருந்ததே இல்லை. பயத்துக்கு நடுவிலேயே, ஐயோ இதை அவர் கேட்கவில்லையே என்று தோன்றியது. அடுத்த நொடி, இனி அவரிடம் சொல்ல முடியுமோ முடியாதோ என்று தோன்றியது. கண் நிறைந்துவிட்டது. மகள் கல்யாணத்தில் அம்மா அழுதால் எந்த நாட்டிலும் யாரும் காரணம் கேட்பதில்லை.

அந்தச் சாத்திய கதவைப் பார்த்தேன். பேர் தெரியாத சாமி. என்ன மந்திரம் சொல்லுவது? "இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னேன். யார் இருக்கட்டும் என்று சொல்லவில்லை. சொன்னால் நானே கேட்டுவிடுவேனே.

ஊன்றுகோல் வைத்த மரம்

சடங்கு முடிந்ததும் தோட்டத்துக்கு அழைத்துப் போனார்கள். போட்டோ எடுக்கலாம், போன் பேசலாம், எல்லாம் செய்யலாம்.

நியாயமாக நான் அப்போதே போனை உயிர்ப்பித்திருக்க வேண்டும். கல்யாணம் ஆயிற்று. இனி கேட்டால் தோஷமில்லை. என் அப்பா எழுந்து சாயாக்கடைக்குப் போன நேரம் அது. நான் போகவில்லை. பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பிவிட்டேன். காலையிலிருந்து தீட்டு தீட்டு என்று நான் சொல்லிக்கொண்டதெல்லாம் சும்மா என்று அப்போதுதான் எனக்கே விளங்கியது. வண்டி ஓட்ட வருகிற பெண்களிடம், பயத்தில் கண்ணை மூடாதே, மூடினால்தான் விழுவாய் என்று கத்துகிறவள் நான். காதை இறுக்கி மூடிக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன்.

அந்தத் தோட்டம் இருக்கிறதே, அதை நான் என்னவென்று சொல்லுவேன். நடுவில் ஒரு குளம். அதைக் கடக்கப் பாலம் ஒரு பக்கம், வட்ட வட்டமான கற்கள் ஒரு பக்கம். மேப்பிள் மரங்கள் கரையெல்லாம் பழுத்துச் சிவந்து, தண்ணீரிலும் சிவந்து, எது மரம் எது நிழல் என்று தெரியவில்லை. தரையில் பாசி. நம் வீட்டில் மழைக்காலத்துக்குப் பாசி பிடித்தால் பிளீச்சிங் பவுடரோடு ஓடுகிறோம். இங்கே பாசியை வளர்க்கிறார்கள். மிதித்துவிடாதபடி ஓரத்தில் கயிறு கட்டி, அதற்கென்று நிழல் பார்த்து, பச்சைப் பட்டு விரித்த மாதிரி வைத்திருந்தார்கள். குளத்து மீன்கள் என் கையளவு நீளம், மேலே வந்து வாயைத் திறந்து பார்த்துவிட்டுப் போயின.

குளத்தங்கரையில் ஒரு கிழட்டுப் பைன் மரம். தண்ணீர்ப் பக்கம் சாய்ந்து, கிளைகள் தரையைத் தொடப் போகிற மாதிரி இருந்தது. ஒவ்வொரு கிளைக்கும் அடியில் ஒரு கம்பு நட்டு, கிளை உரசாமல் இருக்கத் துணி சுற்றி, கயிறு கட்டித் தாங்கியிருந்தார்கள். எத்தனை ஊன்றுகோல்! எங்களூராக இருந்தால், ஆள் மேல் விழுந்துவிடும் என்று முனிசிபாலிட்டிக்குச் சொல்லி என்றைக்கோ வெட்டி விறகாக்கியிருப்பார்கள். இங்கே அதன் பாரத்தை அது சுமக்க வேண்டாம், நாங்கள் சுமக்கிறோம் என்று வைத்திருக்கிறார்கள். நுனியில் புதுத் தளிர் விட்டிருந்தது.

நான் அந்த மரத்தைவிட்டு நகரவில்லை. டயாலிசிஸ் முடிந்து வருகிற நாளில் இவர் படியேறும்போது ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் ஜோசப் சேட்டன். பாரமாயிருக்கேனா என்று இவர் கேட்பார். பேசாமல் ஏறுங்கள் என்று நான் அதட்டுவேன். வேறு மாதிரி பதில் சொல்லியிருக்கலாம் என்று அந்த மரத்துக்கு முன்னால் நின்று நினைத்தேன்.

முன்னறை நிறைய ஆட்கள்

வித்யா வந்தாள். அந்த வெள்ளை உடுப்பை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக.

"அம்மா, போனைக் கொடு. அப்பாகிட்ட முதல்ல சொல்லணும்."

இனி எங்கே ஓடுவது? எடுத்தேன். பொத்தானை அழுத்தினேன். அது உயிர் வருவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. வந்ததுதான் தாமதம், டிங் டிங் என்று செய்திகள் கொட்ட ஆரம்பித்தன. ஒன்றைக்கூடப் படிக்கவில்லை. அதற்குள் வீடியோ அழைப்பு. லலிதா அக்கா. வித்யா என் தோளோடு ஒட்டி நிற்கிறாள். நான் பச்சைப் பொத்தானைத் தொட்டேன்.

எங்கள் முன்னறை தெரிந்தது. நாற்காலிகளையெல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டு, தரையில் பாய் விரித்து, அறை நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். எதிர் வீட்டு அம்மா, ஜோசப் சேட்டன் குடும்பம், ஆலுவாக் கொழுந்தனார், அவர் மனைவி. காலை நேரத்தில் எங்கள் வீட்டுத் தரையில் இத்தனை பேர். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

வித்யாவைப் பிடித்துக்கொண்டேன்.

லலிதா அக்கா போனைத் திருப்பினாள்.

இவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பட்டு வேட்டி, மேல்துண்டு, நெற்றியில் சந்தனம். மடியில் ஒரு தட்டு, தட்டில் மஞ்சள் அரிசி.

விஷயம் இவ்வளவுதான். மகள் கோயிலுக்குப் புறப்படுமுன் அப்பாவுக்கு நமஸ்காரம் பண்ண வேண்டும், அவர் அட்சதை போட வேண்டும். எங்களிடம் சொல்லாமல் ஆச்சரியப்படுத்தலாம் என்று இவரே போட்ட திட்டம். மூன்று மணிக்கே எழுந்து குளித்து, தெருவையே கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார். ஜோசப் சேட்டன் இவர் போனை டி.வி.யோடு இணைக்கப் பார்த்து அது மக்கர் பண்ணிவிட்டது, அதனால்தான் அதிலிருந்து அழைப்பு வரவில்லை. அக்கா கூப்பிட்டு நான் எடுக்கவில்லை என்றதும், உன் போன் சரியில்லை என் போனில் பார்க்கிறேன் என்று ஆளுக்கொரு தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். பிறகு விடியும் வரைக்கும், விடிந்த பிறகும், அந்தத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவர் அப்படியே உட்கார்ந்திருந்திருக்கிறார்.

வித்யா போனை என்னிடம் பிடிக்கச் சொல்லிவிட்டு, அத்தனை வெள்ளையோடும் அந்த ஊன்றுகோல் மரத்தடியில் மண்டியிட்டுக் குனிந்தாள். கென்ஜி ஒரு நொடி பார்த்தான். பிறகு அவனும் பக்கத்தில் மண்டியிட்டான். இவர் தட்டிலிருந்து அள்ளிப் போட்டார். கொச்சியில் போட்ட அரிசி அங்கே போன் மேல் விழுந்து டப் டப் என்று என் உள்ளங்கையில் கேட்டது. பின்னால் மாப்பிள்ளையின் அம்மா எதற்கென்று தெரியாமலே கைகூப்பி நின்றார்.

முகூர்த்தம் தாண்டிவிட்டதே என்று லலிதா அக்கா முனகினாள். பேசாமல் இரு என்று இவர் அதட்டினார்.

பிறகு என்னைக் கூப்பிட்டார். மற்றவர்களுக்குக் கேட்காதபடி போனை வாங்கி முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"போனை ஏன் அணைச்சே?"

"சார்ஜ் இல்ல."

சிரித்தார். முப்பது வருஷத்துக்கு மேல் கூட இருந்தவரிடம் என்ன மறைப்பது? எங்கள் வீட்டுச் சாயாக்கடைக் கதையை என்னைவிட நன்றாகச் சொல்லுகிறவர் அவர்தான்.

"யாருன்னு நெனச்சே?"

போனைத் திருப்பிக் குளத்தைக் காட்டினேன். மேப்பிள் மரங்களைக் காட்டினேன். மீனைக் காட்டினேன். ஒன்று விடாமல், மெதுவாக, ஓரமாகவே நடந்து காட்டினேன். அந்தப் பக்கத்திலிருந்து சத்தமே இல்லை. தொடர்பு போய்விட்டதோ என்று பார்த்தால், இருக்கிறார். வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"அந்த மரத்துக்கு என்ன, இத்தனை கம்பு?"

"வயசாயிடுச்சாம். தாங்கி வச்சிருக்காங்க."

"மரத்துக்குப் பாரமா இருக்காதா, இத்தனை பேரைக் கஷ்டப்படுத்தறமேன்னு?"

"இல்லையாம்" என்றேன். "கேட்டுட்டேன்."

கிட்டே போய்க் காட்டச் சொன்னார். போனேன். இவர் வெகு நேரம் அந்தத் தளிரையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கை வலித்தது. இறக்கவில்லை.

வாராவாரம் இந்தத் தொடரை அனுப்பும் முன் முதலில் படிப்பவர் அவர்தான். ஒரு வரி விடாமல் படித்து, இங்கே ஒற்று விட்டுப்போச்சு, அங்கே கொஞ்சம் கப்சா ஜாஸ்தி என்று சொல்லித்தான் தருவார். இந்த வாரம் மட்டும் காட்டாமல் அனுப்புகிறேன். கடையில் காசு கொடுத்து வாங்கிப் படிக்கட்டும். யாருன்னு நெனச்சே என்று அன்றைக்கு அவர் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

உங்களைத்தாங்க.